கூட்டினால் ஒன்று வரவில்லை, சஞ்சு

அன்புள்ள சஞ்சு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இங்கே மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. உனக்கு அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம்தான், ஆகவே உன் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. ஆனாலும் இதைத் திறந்ததும் "இவ்ளோ நேரம் முழிச்சிட்டு என்னம்மா பண்ற" என்று ஆரம்பித்து, என் தலைவலி, என் கண்ணாடி பவர் என்று எங்கெங்கோ போய், சொல்ல வந்த விஷயத்தை மட்டும் நழுவ விட்டுவிடுவாய். அதனால் மன்னிப்பு கேட்டாயிற்று, அந்தப் பேச்சு முடிந்தது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் "சாப்டியா" என்று கேட்டுவிடுகிறேன், அதிலேயே என் கோபம் பாதி போய்விடுகிறது. பாதிக் கோபத்தோடு சொல்கிற விஷயம் இல்லை இது.

நீயும் தினேஷும் சேர்ந்து எழுதி, அணில் என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறீர்களே ஒரு மென்பொருள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அணுக்கள் குவாண்டம் விதிப்படி எப்படி நடந்துகொள்ளும் என்று சோதனைச்சாலை இல்லாமல் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற மென்பொருள். அதில் ஒரு தப்பு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருத்தர் உங்கள் தளத்துக்கு வந்து அந்தத் தப்பைச் சொன்னார். நீ நாலு வார்த்தையில் பதில் போட்டு, அந்தப் பக்கத்தை மூடிவிட்டாய். அந்தப் பதிலை நம்பி, நைரோபியில் ஆக்னெஸ் என்று ஒரு பெண், அணில் கொடுத்த எண்களை வைத்துத் தன் ஆய்வேட்டை வருகிற திங்கட்கிழமை சமர்ப்பிக்கப் போகிறாள். தப்பைச் சொன்ன ஆளின் பெயர் தளத்தில் சீலிங்ஃபேன் என்று இருக்கும். அது நான்தான்.

சிரிக்காதே. கணக்கு ஆரம்பிக்கும்போது ஏதாவது ஒரு பெயர் கொடு, கொடு என்று கேட்டது. நான் மேலே பார்த்தேன். அவ்வளவுதான் அதன் வரலாறு. என் பெயரில் எழுதியிருக்கலாம், எழுதியிருக்க வேண்டும். "அம்மா வந்து என் வேலையில மூக்கை நுழைக்கிறா" என்று நீ நினைப்பாயோ என்று ஒரு பயம், உன் நண்பர்கள் முன்னால் உனக்குக் கூச்சமாக இருக்குமோ என்று இன்னொரு பயம். பயப்படுவதில் உன் அம்மாவுக்குக் கேட்கவா வேண்டும்? அது என் முதல் தப்பு. அதை இங்கேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

நீ இங்கே உட்கார்ந்து அதை எழுதின இரண்டு வருஷமும் அந்த அணிலை நான் திட்டாத நாள் இல்லை. சாப்பாட்டு மேஜையில் பாதியை லேப்டாப், அதன் சார்ஜர், உன் பேப்பர்கள் பிடித்துக்கொள்ளும். மீதிப் பாதியில் நானும் அப்பாவும் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி ஒட்டிக்கொண்டு சாப்பிடுவோம். அப்பா ஒருநாள் கேட்டார், "ஏண்டா, ராப்பகலா பண்றியே, இதுக்கு யாரு முதலாளி?" "யாருமில்லப்பா. ஓப்பன் சோர்ஸ். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணா பார்க்கலாம். யாரு வேணா தப்பு சொல்லலாம்." "தப்பு சொன்னா?" "தேங்க்ஸ் சொல்லிட்டுத் திருத்துவோம்." அப்பா சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "எங்க ஆபீஸ்ல தப்பு சொன்னா டிரான்ஸ்ஃபர்தான்" என்றார். நீ சிரித்தாய். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வாயைத் திறந்து சொல்லவில்லை. தட்டை எடுத்து வை என்று மட்டும் சொன்னேன்.

நீ கிளம்பிப் போன பிறகு மேஜை முழுசாகக் கிடைத்தது. எங்களுக்கு அந்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை. அப்போதுதான் நான் பாடம் எடுக்கிற காலேஜில் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு குவாண்டம் பாடத்தில் கொஞ்சம் கணினியிலும் காட்டச் சொன்னார்கள். வேறு எங்கே போவேன்? என் மகன் செய்தது இருக்கும்போது? இன்ஸ்டால் செய்வதற்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்தேன். ஏழாவது வரியில் "இதன் பிறகு வழக்கம்போலச் செய்யவும்" என்று இருக்கிறது. யாருடைய வழக்கம், சஞ்சு? அந்த வழக்கத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட் மேடம் ஒருத்தர் வந்து உதவினார். "யார் மேடம் இப்படி எழுதி வெச்சிருக்கறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஓடியது. ஓடினபோது, உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. ஓர் அணுவை உயர்ந்த நிலையில் வைத்து விட்டால், அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மேலே இருக்க எவ்வளவு வாய்ப்பு, கீழே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டு கோடு. ஒன்று இறங்க இறங்க இன்னொன்று ஏறும். இருபது வருஷமாக நான் கரும்பலகையில் கோணல்மாணலாகப் போடுகிற படம், உன் திரையில் வழுக்கிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வகுப்புக்கு இரண்டு அணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்று, முந்தின நாளே கையால் கணக்குப் போட்டு விடையைத் தயாராக வைத்துக்கொண்டேன். பழக்கம்தான். பெரிய கணக்கைக் கணினி போடட்டும், ஆனால் சின்னக் கணக்கு ஒன்றையாவது கையால் போட்டு ஒப்பிடாமல் நான் வகுப்புக்குள் போகமாட்டேன். என் விடை வேறு, அணில் விடை வேறு.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மூன்று தரம் போட்டேன். பென்சில் தேய்ந்ததுதான் மிச்சம். பிறகு உன் கோட் உள்ளே போய்ப் பார்த்தேன். நீதானே சொன்னாய், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று. அங்கே ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு அடியிலும், எல்லா வாய்ப்புகளையும் கூட்டி, வந்த கூட்டுத்தொகையால் எல்லாவற்றையும் வகுத்துவிடுகிற வரி. அப்படி வகுத்தால் மறுபடி கூட்டும்போது எப்போதும் சரியாக ஒன்றுதான் வரும். ஏதோ ஒரு நிலையில் அணு இருந்தே ஆக வேண்டும், ஆகவே எல்லா வாய்ப்பும் சேர்ந்து ஒன்று, அது சரி. ஆனால் விதிகளைச் சரியாக எழுதியிருந்தால் அது தானாகவே ஒன்றாக வர வேண்டுமே, எதற்கு நீ பிடித்து உட்கார வைக்கிறாய்? அந்த வரிக்கு முன்னால் கூட்டுத்தொகை என்ன என்று எழுதிக் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். ஓர் அணுவுக்கு ஒன்று. இரண்டு அணு சேர்ந்து இறங்கும்போது ஒன்றுக்கு மேல், போகப்போக இன்னும் மேல். இறங்குகிற கணக்கில் ஒரு பாதியை, மேலே குறைய வேண்டியதை, விட்டுவிட்டிருக்கிறீர்கள். அது வெளியே தெரியாமல் இருக்க அந்த வரி ஒரு போர்வை மாதிரி மேலே கிடக்கிறது.

இதைத்தான் என் கையெழுத்துக் கணக்கைப் படமெடுத்துப் போட்டு, மரியாதையாக, உங்கள் அருமையான மென்பொருளுக்கு நன்றி என்றெல்லாம் ஆரம்பித்து எழுதினேன். நீ போட்ட பதில்: "இது பயனரின் பிழை. மூடப்படுகிறது." எண்ணிப் பார், நான்கே வார்த்தை. மறுபடி எழுதினேன். அதற்கு அதுகூட இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? நான் மறக்கவில்லை. "மா, ஒரு காமெடி. சீலிங்ஃபேன்னு ஒரு ஆளு. கண்டிப்பா ரிட்டயர்டு அங்கிள்மா. பேப்பர்ல பென்சில்ல கணக்குப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பறாரு. வீட்ல ஆன்ட்டி துரத்தி விட்டுட்டாங்க போல, வந்து எங்க உசுர வாங்கறாரு." எனக்குப் பக்கத்தில் அப்பா சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் தெரியும். புரை ஏறி, தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, ஒரே அமர்க்களம். "அப்பாக்கு என்னாச்சு?" என்றாய். "ஒண்ணுமில்லடா, புரை ஏறிடுச்சு" என்று சொல்லிவைத்தேன். நாற்பத்திரண்டு வயசுக்காரியை ரிட்டயர்டு அங்கிள் ஆக்கிவிட்டாய். அதுகூடப் பரவாயில்லை. இருபத்திரண்டு வருஷமாக உன் ரிப்போர்ட் கார்டில், லீவ் லெட்டரில், உன் டிபன் பாக்ஸில் ஒட்டின சீட்டில் பார்த்த கையெழுத்து, படத்தில் இருந்தும் உனக்குத் தெரியவில்லையே. அப்படியென்றால் நீ படத்தைத் திறக்கவே இல்லை. அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, வேலைத் தொந்தரவு, புது ஊர், குளிர், பார்க்காமல் மூடிவிட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை தினேஷ் வீட்டுக்கு வந்தான், உன் அறையில் இருக்கும் பழைய மானிட்டரை எடுத்துப் போக. நாவலூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்குள் மேடவாக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றானாம், முகமெல்லாம் புழுதி. மோர் கொடுத்துவிட்டு, மெல்லக் கேட்டேன்.

"தினேஷ், அந்த அணில்ல கூட்டி வகுக்கற லைன் ஒண்ணு இருக்கே, அது எதுக்குப்பா?"

டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தான். "ஆன்ட்டி... அந்த சீலிங்ஃபேன் நீங்களா?"

"ஆமா."

"ஐயோ, ஆன்ட்டி!" தலையில் கை வைத்துக்கொண்டான். "அவன் அந்த அங்கிளுக்கு ஸ்டிக்கரே பண்ணி குரூப்ல போட்டிருக்கான்."

"ஸ்டிக்கர் இருக்கட்டும். லைனைச் சொல்லு."

மானிட்டர் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "கூட்டுத்தொகை ஒண்ணைத் தாண்டுதுன்னு பார்த்தோம் ஆன்ட்டி. ஏன்னு புரியல. அணிலைப் பத்தி ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்ப ரெண்டு நாள்தான் இருந்துச்சு. இப்போதைக்கு வகுத்து விட்டுடலாம், அப்புறம் பொறுமையா பார்க்கலாம்னான். நானும் சரின்னேன். அப்புறம் எனக்கு இங்க வேலை, அவனுக்கு அங்க அட்மிஷன். பேப்பர் இன்னும் அவங்க பரிசீலனையிலதான் இருக்கு. இப்பப் போய் தப்புன்னு எழுதினா அது போயிடும்னு பயப்படறான்." பிறகு, "என் மேலயும் தப்பு இருக்கு ஆன்ட்டி. அவனை மட்டும் திட்டாதீங்க" என்றான். நல்ல பையன். அவனையும் சேர்த்தே திட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஆக, உனக்குத் தெரியும். தெரிந்தேதான் மூடினாய். இதை எழுதும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது, ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் அந்த எரிச்சல் என் மேலேயே வந்து நிற்கிறது. பிளஸ் ஒன்னில் உனக்கு ஊசல் சோதனை வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? குண்டை நூலில் கட்டி ஆட்டி, நேரம் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். உனக்கு 9.3 வந்தது. வீட்டுக்கு வந்து, "மா, எல்லா ரீடிங்கும் கரெக்டாதான் எடுத்தேன், ஏன் கம்மியா வருது?" என்று நோட்டை நீட்டினாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், நாளைக்குக் கட்டு திருப்பிக் கொடுக்க வேண்டும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "9.8 வரணும். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சு எழுதிக்கோ" என்றேன். நீ அங்கேயே நின்றாய். "அப்ப நான் பண்ணினது எதுக்கு?" என்றாய். "மார்க்குக்கு" என்றேன். நீ போய் அழித்து எழுதினாய். பத்துக்குப் பத்து. நூலின் நீளத்தைக் கொக்கி வரை மட்டும் அளந்து, குண்டின் பாதியைச் சேர்க்க மறந்திருந்தாய். அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும், இரண்டு நிமிஷம் நோட்டைப் பார்த்திருந்தால்.

அதை எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால், ஊரே கற்றுக்கொடுத்தது. நான் படித்தபோது எங்கள் காலேஜ் லேபில் ஒவ்வொரு லென்ஸுக்கும் என்ன விடை வர வேண்டும் என்பது சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு வந்துகொண்டே இருக்கும். விடையை முதலில் எழுதிவிட்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து முன்னால் போடுவோம். இதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை, சாமர்த்தியம் என்றுதான் சொன்னார்கள். எனக்குக் கடைசி வருஷம் பிராக்டிகல் தேர்வு நடந்தபோது நீ பிறந்து மூன்று மாதம். வெளியே வராண்டாவில் பெரியம்மா உன்னை வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். நீ அழுகிற சத்தம் உள்ளே கேட்கிறது, என் ரவிக்கை நனைந்துவிட்டது, மைக்ராஸ்கோப்பில் அளக்க வேண்டிய ஒளி வளையங்கள் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை வைத்தது மாதிரி வைத்து, பதினாறு ரீடிங்கையும் மனசிலிருந்தே எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் "வெரி நீட்" என்றார். அன்றைக்கு வேறு வழியில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுந்து நின்று, "சார், பத்து நிமிஷம் கொடுங்க, குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு வரேன்" என்று கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள். என் பதினாறு ரீடிங்கை அந்த எக்ஸ்டெர்னலுக்குப் பிறகு ஒரு ஜீவனும் திருப்பிப் பார்க்கவில்லை. உன் 9.8ஐயும் யாரும் எடுத்துப் போய் எதையும் கட்டவில்லை. நீ திறந்து வைத்திருப்பதை ஆட்கள் எடுத்துப் போய் மேலே மேலே கட்டுகிறார்கள். மூடினாலும் கீழே கருத்து எழுத முடிகிறதே, அந்தப் பக்கத்தில் ஆக்னெஸ் போன வாரம் எழுதினதைப் பார்த்தாயா? என் கணக்கை அவள் திறந்து பார்த்திருக்கிறாள், நீ பார்க்காததை. "என் ஆய்வு முழுக்க இரண்டு அணு, மூன்று அணுக் கணக்குகள். ஒன்றரை வருஷ வேலை. என் விடைகளும் இதில் பாதிக்கப்படுமா?" என்று கேட்டிருக்கிறாள். நீ பதில் போடவில்லை. நேற்று அவளே எழுதியிருக்கிறாள்: "எழுதியவர்களே பயனரின் பிழை என்று மூடிவிட்டதால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை சமர்ப்பிக்கிறேன். இவ்வளவு நல்ல மென்பொருளை இலவசமாகக் கொடுத்ததற்கு நன்றி, முன்னுரையில் உங்கள் இருவர் பெயரையும் போட்டிருக்கிறேன்." இதைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரோ முகம் தெரியாத பெண், உன் நாலு வார்த்தையை நம்பி நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் அவளுக்கு ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த வரி, எங்கே பாதி விட்டுப்போனது, எதையெல்லாம் மறுபடி ஓட்ட வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. மறுபடி ஓட்டினால் அவளுடைய முடிவு மாறலாம், மாறாமலும் இருக்கலாம், அது எனக்குத் தெரியாது. அனுப்புகிற பட்டனை அழுத்தவில்லை. நான் சொன்னால் ஒரு சீலிங்ஃபேன் சொன்னதாகத்தான் இருக்கும். எழுதியவன் மூடிவிட்டான் என்று அவள் அதையும் தள்ளிவிடலாம். நீ சொன்னால் நம்புவாள். உன் பேப்பர் போகலாம், சஞ்சு. அங்கே உன் பேராசிரியர் முகம் சுளிக்கலாம். நான் உனக்கு அது நடக்காது என்று பொய் சொல்லப்போவதில்லை. அப்படி நடந்தால் போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுக்கிறேன், ஒரு வார்த்தை திட்டமாட்டேன். திட்டுவதற்குத்தான் இந்தக் கடிதம், எல்லாவற்றையும் இதிலேயே தீர்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை பொறுக்கிறேன். அதற்குள் அந்தப் பக்கத்தை மறுபடி திற. ஆக்னெஸுக்கு, தப்பு எங்களுடையது, சமர்ப்பிப்பதைத் தள்ளி வைக்க முடியுமா என்று உன் பெயரில் எழுது. அவள் கைடுக்கு எழுத வேண்டுமென்றாலும் எழுது. வெள்ளிக்கிழமைக்குள் நீ எழுதவில்லை என்றால் நான் அனுப்பிவிடுவேன், என் சொந்தப் பெயரில். உன் அம்மா என்று அதில் இருக்காது, ஆனால் உனக்குத் தெரியும்.

முதலில் அவளுக்கு எழுது. எழுதிவிட்டு எனக்கு ஒரு வரி போடு. சீக்கிரம் போடு.

அம்மா